கடைசிப் பக்கத்துத் தேதி

கட்டடக் கலைஞர் சங்கத்தின் காலாண்டு இதழை, கொரியக் கடற்கரை ஊரான தோக்சான்போவில், யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தலைவர் உரையைத் தலைவரே படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். இதழ் கைக்கு வந்ததும் எல்லோரும் திருப்புவது கடைசிப் பக்கத்தை. தலைப்பு "உறுப்பினர் நடப்பு". யார் புதிதாக அலுவலகம் திறந்தார், யார் இடம் மாறினார், யாருடைய கட்டடம் முடிந்தது, யார் மகளுக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு, யார் கடையை மூடிவிட்டுப் போனார், எல்லாம் அதில் இருக்கும். முப்பது வருஷம் ஒருவன் மேசையில் கவிழ்ந்து கிடந்து வரைந்ததெல்லாம் அங்கே ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு வரியும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு மேங் சாங்தே. அறுபத்தாறு வயது. பத்தொன்பது வருஷமாக அவர்தான் எழுதுகிறார், சம்பளம் இல்லாமல். பிழை வந்தால் திட்டு மட்டும் கிடைக்கும். அதிலும் ஒரு திட்டு தவறாமல் கிடைக்கும். இதழ் வெளியான அன்று காலை பத்து மணிக்குச் சங்கத்தின் தொலைபேசி அடிக்கும். சங்கச் செயலாளர் ஹேரான் எடுக்காமலே சிரிப்பாள்.

"மேங் சார், உங்க அண்ணி!"

அண்ணி என்றால் தாக் ஜின்மோவின் மனைவி மல்சுக். மேங்கும் தாக்கும் இளவயதில் ஒரே அலுவலகத்தில் ஒரே விளக்குக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தவர்கள். தாக் இரண்டு வயது மூத்தவர். அதனால் அவர் அண்ணன், இவள் அண்ணி.

"தம்பி, பன்னெண்டாவது வரியைப் பாரு. நிறைவுச் சான்று எட்டாந் தேதின்னு போட்டிருக்கே. எட்டாந் தேதி ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை எந்த ஆபீசுலய்யா சான்று குடுக்குறான்?"

"அண்ணி, அச்சுல மாறிப்போச்சு."

"அச்சு மேல பழி போடாத. கண்ணாடியை மாத்து."

அவள் கட்டடக் கலைஞரும் இல்லை, சங்க உறுப்பினரும் இல்லை. மீன் சந்தையில் முப்பது வருஷம் உலர்ந்த நெத்திலி விற்றவள். ஆனால் அந்தப் பக்கத்தை அவளைப் போலப் படித்தவர் கொரியா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஏன் என்று மேங்குக்குத் தெரியும். அவள் புருஷன் பெயரைத் தேடினாள். தேடிக் கிடைக்காத எரிச்சலை மற்றவர்களுடைய தேதிகள்மேல் காட்டினாள்.

தாக்கின் பெயர் வராமல் இல்லை. சொந்த அலுவலகம் திறந்த முப்பத்தோரு வருஷத்தில் ஐந்து முறை வந்தது. அலுவலகம் திறப்பு, இடமாற்றம், மறுபடியும் இடமாற்றம், தாயார் மறைவு, தந்தையார் மறைவு. முடிந்த கட்டடங்கள் பகுதியில் ஒரு முறைகூட இல்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. மீன் கிடங்கு, மாட்டுக் கொட்டகை, விடுதிக்குக் கூடுதல் குளியலறை என்று ஓடிக்கொண்டே இருந்தார். அதையெல்லாம் அந்தப் பக்கத்தில் போடுவதில்லை. அங்கே வருவது, அந்தக் காலாண்டில் முடிந்தவற்றில் குழு தேர்ந்தெடுக்கும் ஆறு கட்டடங்கள். முதலாவதற்குப் படமும் உண்டு.

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் குழு கூடியபோது, படத்துக்குரிய முதல் கட்டடமாக எல்லோரும் கை தூக்கியது தாக்கின் கட்டடத்துக்கு. சோல்கோல் என்ற மீனவக் குப்பத்தின் ஊர்க்கூடம். மேட்டில் சாலை, பள்ளத்தில் கடல். சாலையோடு சமமாக உள்ளே நுழைந்து நேராக நடந்தால் மறுபக்கம் பால்கனி. பால்கனிக்குக் கீழே நாலு மீட்டர் பள்ளம், அதற்கப்புறம் தண்ணீர்தான். மேங் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனுஷன் இதையெல்லாம் இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று நினைத்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. செப்டம்பர் முப்பதுக்குள் நகராட்சியின் நிறைவுச் சான்று வந்திருக்க வேண்டும். முன்பு ஒரு உறுப்பினர் முடியாத அடுக்குமாடியை முடிந்ததாகப் போட்டு, அதைக் காட்டி யாரோ வீடுகளை விற்றுவிட்டார்கள். அதிலிருந்து சான்றுத் தேதி இல்லாமல் ஒரு வரியும் அச்சேறாது. அந்த விதியை எழுதியவரே மேங்தான்.

செய்தி சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டபோது தாக் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"எந்த இதழ்ல வரும்?"

"அக்டோபர் ஒண்ணு. ஏன் அண்ணே?"

"அவளுக்குக் கணையத்துல புத்துநோய்டா. பரவிப்போச்சாம். இலையுதிர் காலத்தைத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டான். அக்டோபர் ஒண்ணு வரைக்கும் இருப்பா. இருக்கச் சொல்றேன்" என்றார்.

நிறைவுச் சான்றுக்கு முன்னால் ஒரு ஆய்வு உண்டு. வரைந்தவரே போக முடியாது. சங்கத்தின் முறைப் பட்டியலில் அடுத்த பெயர் யாருடையதோ அவர் போய் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்று நான் உன் கட்டடத்தைப் பார்ப்பேன், நாளை நீ என் கட்டடத்தைப் பார்ப்பாய். அதனால் பாதிப் பேர் டேப்பைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. காபியைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் சோல்கோல் ஊர்க்கூடம் பட்டியலில் வந்தது. அடுத்த பெயர் மேங்.

"சார், வேணும்னா வேற யாருக்காவது மாத்திவிடட்டுமா?" என்று ஹேரான் கேட்டாள். "நெருங்கினவங்க கட்டடம்னா சங்கடமாச்சே."

"சங்கடம் என்ன சங்கடம்? எனக்குத்தான் இந்தக் குடுப்பினை. நானே போறேன்."

அதுதான் அவர் செய்த தவறு. பிறகு அவர் எத்தனையோ முறை அந்த வாக்கியத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

தாக் சாலையிலேயே நின்றிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மருத்துவமனையில் நாற்காலியில் தூங்கி எழுந்து வந்த முகம். ஆனால் கதவைத் திறந்து காட்டியபோது கண் பளிச்சென்றது. கூடத்தின் உள்ளே காலடி வைத்ததும் எதிரே கடல். மேங் சுவரைத் தட்டினார், மின் பலகையைத் திறந்து பார்த்தார், வாசல் அகலத்தை அளந்தார். எல்லாம் கச்சிதம். பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவில் வழக்கமாக இருக்கும் படி இல்லை. உள்தளமும் வெளித்தளமும் ஒரே மட்டம். காலே உணரவில்லை.

"பலே அண்ணே! மழைத்தண்ணி உள்ள வராதா?"

"பலகைக்குக் கீழ வடிகால் குடுத்திருக்கேன்."

வெளியே மரப் பலகைத் தளம். ஓரத்தில் இரும்புக் கைப்பிடிக் கம்பி. மேங் பழக்க தோஷத்தில் டேப்பை இழுத்தார். அளக்காமல் விட அவருக்குக் கை வராது. அது நேர்மையா நோயா என்று அவர் மனைவியே சந்தேகப்படுவாள். குனிந்து பார்த்தார். இன்னொரு இடத்தில் வைத்து அளந்தார். மூன்றாவது இடத்திலும்.

"அண்ணே, நூத்திப் பதினொண்ணு காட்டுது."

"என்னது?"

"கைப்பிடி உயரம். நூத்தியிருபது சென்டிமீட்டர் இருக்கணுமில்ல?"

"நூத்தியிருபதுதான்டா போட்டிருக்கேன். படத்தைப் பாரு."

"எதுலேருந்து நூத்தியிருபது?"

தாக் பலகையைப் பார்த்தார். வரைந்தபோது கான்கிரீட் தளத்திலிருந்துதான் அளந்திருந்தார். அப்போது பலகை கிடையாது, கதவில் படி இருந்தது. ஜூன் மாதம் மல்சுக் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, அவளை இங்கே கூட்டி வந்தால் படி தடுக்குமே என்று, தளத்தின் மேல் ஒன்பது சென்டிமீட்டருக்குப் பலகை அடித்து மட்டமாக்கினார். தளம் உயர்ந்தது. கைப்பிடியை உயர்த்த வேண்டும் என்று தோன்றவில்லை. முப்பத்தோரு வருஷம் மற்றவர்களுக்கு இதையே சொல்லிக் கொடுத்த மனிதர்.

"பலகையைப் பிரிச்சுட்டா சரியாயிடும் அண்ணே. ஒரு நாள் வேலை."

"பிரிச்சுட்டா அவ எப்படிடா வெளிய வருவா?"

மேங் டேப்பைச் சுருட்டினார்.

"ஒன்பது சென்டிமீட்டர்டா," என்றார் தாக். "என் விரல் நீளம். நீ கையெழுத்துப் போடு. சுசோக் அறுவடைப் பண்டிகை முடிஞ்சதும் நான் கம்பியை உசத்திடறேன். என் மேல நம்பிக்கையில்லையா?"

"நம்பிக்கை இருக்கு அண்ணே. ஆனா நடுவுல ஒரு பிள்ளை ஏறிச்சுன்னா? கீழ நாலு மீட்டர்."

"எத்தனை பேர் அளக்காமலே கையெழுத்துப் போடறான் இந்த ஊர்ல! என் கட்டடம் வந்ததும்தான் உனக்கு டேப் ஞாபகம் வருதா? அவளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு அதையும் அளந்து சொல்லேன் பார்ப்போம்!"

மேங் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. காரில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது தாக் பால்கனியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றிருந்தார்.

மறுநாள் மேங் மருத்துவமனைக்குப் போனார். தாக் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனார். மல்சுக் தலையணைக்குள் புதைந்து கிடந்தாள். நெத்திலிப் பெட்டி தூக்கிய கைகள் குச்சி மாதிரி ஆகியிருந்தன. அவரைக் கண்டதும் முதலில் கேட்டதே அதைத்தான்.

"தம்பி, எத்தனாவது வரி?"

"முதல் வரி அண்ணி. படத்தோட."

"படத்தோடயா!" அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். "பெயரை ஒழுங்காப் போடு. ஜின்மோ. ஜின்வூன்னு போட்டுத் தொலைச்சிடாத. அவருக்குன்னு வந்தா அதுலதான் தப்பு பண்ணுவே நீ."

வெளியே வந்து வராந்தாவில் மேங் அழுதார். அறுபத்தாறு வயது ஆள், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி நின்று, தேம்பித் தேம்பி அழுதார். சனியன் பிடித்த ஒன்பது சென்டிமீட்டர்! கையெழுத்துப் போட்டுவிடலாம். பண்டிகைக்குப் பிறகு உயர்த்தட்டும். அதுவரை கதவைப் பூட்டி வைத்தால் போகிறது. தன் வாழ்நாளில் அளவுக்கு மாறாகப் போடும் முதல் கையெழுத்து இதுவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு கட்டி நேரே சோல்கோலுக்கு ஓட்டினார்.

பால்கனியில் கைப்பிடி இல்லை. கம்பி நட்டிருந்த இடங்களில் அறுத்த அடிக்கட்டைகள் மட்டும் பளபளத்தன. கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். தாக் பலகைமேல் உட்கார்ந்து இரும்புத் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்ணிட்டீங்க? நான் கையெழுத்துப் போட வந்தேன்!"

"எதுக்குடா போடுவே? கைப்பிடியே இல்லையே."

"சும்மா மேல ஒரு கம்பி வச்சு ஒட்டியிருக்கலாமே!"

"துத்தநாகப் பூச்சு இல்லாத கம்பி இந்த உப்புக்காத்துல ஆறு மாசம் தாங்காது. அது உனக்கும் தெரியும்." விளக்குமாற்றை வைத்தார். "நேத்து நீ போனப்புறம் ஊர்த் தலைவரோட பேரப் பிள்ளைங்க ரெண்டு வந்துச்சு. வந்ததும் நேரா ஓடி, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிப் பார்த்துச்சு. உடனே வெல்டரைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லிட்டேன். புதுக் கம்பிக்குத் துத்தநாகம் பூசுற பட்டறையைப் பண்டிகைக்கு மூடிட்டானாம். அக்டோபர்லதான் தருவான்."

"அப்ப இந்த இதழ்ல வராதே அண்ணே."

"வராது."

"அண்ணிக்கு யார் சொல்றது?"

இருவரும் பலகையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

அக்டோபர் முதல் தேதி இதழில் படத்தோடு வந்தது ஒரு பல் மருத்துவமனை. ஆனால் அன்று காலை, மல்சுக்கிடம் காட்டுவதற்காக, ஹேரான் சங்கத்தின் அச்சுப்பொறியில் இன்னொரு கடைசிப் பக்கத்தை அடித்தாள். அதே தாள், அதே எழுத்து. ஒரே ஒரு பிரதி. மேலே சோல்கோல் ஊர்க்கூடத்தின் படம், பக்கத்தில் தாக் ஜின்மோ என்று பெயர்.

"சார், சான்றுத் தேதி என்னன்னு போட?"

மேங் திரையைப் பார்த்தார். செப்டம்பர் முப்பது என்று சொல்ல வாயெடுத்தார். பக்கமே பொய். தேதியில் மட்டும் என்ன வேண்டியிருக்கிறது? ஆனால் வாய் வரவில்லை. "விட்டுடு," என்றார்.

மருத்துவமனையில் தாக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். மல்சுக்குக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, தாளை முகத்துக்கு நேரே பிடித்தார் மேங். அவள் படத்தைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். விரலால் பெயரைத் தடவினாள். பிறகு, பத்தொன்பது வருஷப் பழக்கம், விரல் தானாக வரியின் கடைசிக்குப் போனது. அங்கே நின்றது.



"என்னங்க," என்றாள் புருஷனிடம். "தாகமா இருக்கு. கீழ போய் பார்லித் தண்ணி வாங்கிட்டு வாங்க."

தாக் வெளியே போனதும் மேங்கைப் பார்த்தாள்.

"தேதி இல்லையே தம்பி."

மேங் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய் சொல்லத் தெரியாதவன் எதுக்குய்யா பொய் பண்ண வர்றே? ஏன் தள்ளிப்போச்சு?"

சொன்னார். பலகை, ஒன்பது சென்டிமீட்டர், பேரப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது.

"எனக்காகவா பலகை அடிச்சாரு? மடப் பய." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லாத. இந்தத் தாள் என்கிட்ட இருக்கட்டும். சான்று வந்ததும் தேதியை நீ கையால எழுதிக் குடு. நிஜத் தேதி" என்றாள்.

அக்டோபர் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, மல்சுக் போய்விட்டாள். மருத்துவமனையின் துக்கக் கூடத்தில் வெள்ளைச் சாமந்திக்கு நடுவே அவள் படத்தில் சிரித்தாள். சங்கத்தின் மலர் வளையம் வாசலில் நின்றது. காரமான மாட்டிறைச்சிக் குழம்பில் சோற்றைக் கலந்து சாப்பிட்டபடி உறுப்பினர்கள் எல்லோரும் அவள் தங்களைத் திட்டிய கதைகளைச் சொன்னார்கள். என் முகவரியைத் திருத்தினாள், என் மகள் கல்யாணத் தேதியைத் திருத்தினாள் என்று ஆளுக்கொன்று. மேங் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

புதுக் கைப்பிடி அடுத்த வாரம் வந்தது. மேங் போய் அளந்தார். நூற்றியிருபது. மூன்று இடத்திலும் நூற்றியிருபது. கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நகராட்சியின் சான்று வந்தது. அன்று மாலையே தாக் மேங்கின் அலுவலகத்துக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"தலையணைக்குக் கீழ இருந்துச்சு. உன்கிட்ட குடுக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கா. எதுக்குன்னு தெரியல."

மேங் பேனாவை எடுத்தார். படத்துக்குக் கீழே, முதல் வரியின் கடைசியில், அக்டோபர் 22 என்று எழுதினார். தாக் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக அவருக்குப் புரிந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு அண்ணே."

தாக் உட்கார்ந்துவிட்டார். பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டு, அஸ்தி மாடத்தில் அவள் பக்கத்தில் வைக்கப் போனார்.

ஜனவரி இதழ். அதை எழுத மேங்குக்கு இரண்டு நாள் ஆனது. முடிந்த கட்டடங்களில் முதல் வரி, படத்தோடு, தாக் ஜின்மோ. அதே பக்கத்தில், கீழே துக்கச் செய்திகளில், தாக் ஜின்மோ அவர்களின் துணைவியார் மறைவு, அக்டோபர் 12. ஒரே பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு முறை. மேலே 22, கீழே 12. அந்தப் பத்து நாளை மேங்கால் தாங்க முடியவில்லை. கட்டடம் முடிந்ததைத் தெரிந்துகொண்டு அவள் போனதாக இருக்கட்டுமே என்று, விதியை எழுதிய அதே கை, மேலே இருந்த 22ஐ அடித்துவிட்டு 10 என்று போட்டது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கண்டுபிடிக்கிற ஒருத்திதான் போய்விட்டாளே.

இதழ் வெளியான அன்று காலை அவர் காரணமில்லாமல் சங்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். ஹேரான் காபி கலக்கிக் கொடுத்தாள். பத்து மணி ஆனது. இருவரும் தொலைபேசியைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அது அடித்தது.

ஹேரான் எடுத்தாள். கேட்டாள். முகம் மாறியது. தொலைபேசியை மேங்கிடம் நீட்டினாள்.

"டேய்," என்றார் தாக். குரல் கரகரத்தது. "கடைசிப் பக்கம். முதல் வரி."

"சொல்லுங்க அண்ணே."

"பத்தாந் தேதின்னு போட்டிருக்கே. அக்டோபர் பத்து ஞாயித்துக்கிழமைடா. ஞாயித்துக்கிழமை எந்த ஆபீசுலய்யா சான்று குடுக்குறான்?"

10 என்று போட்டபோது மேங் காலண்டரைப் பார்த்திருக்கவேயில்லை. பொய் சொல்லிப் பழகாதவர்.

"தெரியாம இல்ல அண்ணே. வேணும்னுதான்."

"தெரியும்டா. எனக்குத் தெரியும்." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆனா அவ இருந்தா விட்டிருப்பாளா? திருத்திப் போடு."

"சரி அண்ணே."

"கண்ணாடியையும் மாத்து," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் இதழின் கடைசிப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில் திருத்தம் வந்தது: சோல்கோல் ஊர்க்கூடம், நிறைவுச் சான்று அக்டோபர் 22.